குளிர்காலத்தில் படகு பேட்டரிகளோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் தேவலையா? அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது?

"தண்ணீரே உறைந்து கிடக்கும்போது படகுத்துறையில் உனக்கு என்னடா வேலை?" என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை, இப்போது எழுதுகிறேன்.

குளிர் தொடங்கும் முன்பே இங்கே படகுகளைக் கரையேற்றி மூடிவிடுவார்கள். ஐந்தாறு மாதம் அப்படியே நிற்கும். அவற்றின் பேட்டரிகள் என் பொறுப்பு. நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, அப்புறம் பாசிட்டிவைக் கழற்றி, ஷெட்டுக்குக் கொண்டுவருகிறேன். ஒவ்வொன்றும் 25, 30 கிலோ. ஏணியில் இறங்கும்போது இடுப்பு சொல்லும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வரும். அது ஒரு சொட்டும் உள்ளே போகாதபடி மூடிகளை முதலிலேயே இறுக்கிவிடுவேன்.

பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டு தண்ணீருக்கு மேலே தெரியக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்களே, அது இங்கேயும் அப்படியேதான். ஆனால் இந்தக் குளிரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியதும் சார்ஜ் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அது அமிலத்தோடு கலக்காமல் மேலேயே நின்று உறைந்துவிடும்.

முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது அப்பா. சார்ஜ் இறங்க இறங்க, உள்ளே இருக்கும் அமிலம் ஈயத் தட்டுகளில் சல்பேட் என்ற உப்பாகப் படிந்துவிடுகிறது. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான். காலியான பேட்டரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே கட்டியாகிவிடும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் ஒரு படகில் மெயின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டேன். ரேடியோவுக்குப் போகும் நூல் மாதிரி ஒரு வயர், சுவிட்சைச் சேராமல் நேரே பேட்டரியில் மாட்டியிருந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருந்தது. பனி விட்டபின் திறந்தால், பெட்டியின் பக்கங்கள் வயிறு மாதிரி உப்பி, மூலையில் மயிரிழைக் கீறல். அடியில் பலகை அரித்துக் கறுத்திருந்தது. படகுக்காரப் பெரியவர் திட்டவில்லை. அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் எழுதுகிறேன். சார்ஜரை எடுத்த உடனே அளந்தால் மீட்டர் அதிகமாகக் காட்டி ஏமாற்றும். சில மணி நேரம் விட்டுப் பார்த்து, 12.6, 12.7 வோல்ட் இருந்தால் நிம்மதி. 12.4 ஆகிவிட்டால் மறுபடி சார்ஜ். விட்டுவிட்டால் தட்டில் படிந்த சல்பேட் இறுகிப்போய், அப்புறம் என்ன செய்தாலும் முழுசாகக் கரையாது. தானே நின்று தானே தொடங்கும் சார்ஜர்தான் இங்கே. பழைய மாடலை மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் தண்ணீரை வற்றவைத்துவிடும். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வருமே, அதனால் கதவை ஒருக்களித்து வைப்பேன். ஷெட்டில் ஹீட்டர் கிடையாது, தேவையும் இல்லை. குளிரில் சார்ஜ் தானாக இறங்குவதே மெதுவாகத்தான்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இங்கேயும் சொல்கிறார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது. லித்தியம் பேட்டரிகள் மட்டும் தனி ஜாதி. அவற்றைப் பாதி சார்ஜில் வைக்க வேண்டும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது.

உங்களுக்கு ஒரு ஹைட்ரோமீட்டர், அதாவது அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி, வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன். நம் படகு பேட்டரியின் ஆறு அறைகளையும் சேர்ந்தே பார்ப்போம். அதுவரை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டாம், தம்பியைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்