கடல் விலகிப்போன ஊரின் மதுவிடுதி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தாத்தா காலத்து வீட்டை இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று உங்கள் வீட்டில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த இரண்டாம் நாளே, மகள் குடும்பத்தோடு தென்கிழக்கு இங்கிலாந்தின் ரை என்னும் சிற்றூருக்குப் போய், அங்குள்ள மெர்மெய்ட் இன் என்ற பழைய பப்பைப் பார்க்க நேர்ந்தது. நான் அங்கே குடித்தது தேநீர்தான். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

1377-இல் பிரெஞ்சுப் படை கடல்வழியே வந்து ரை நகரைக் கொளுத்திவிட்டு, தேவாலய மணிகளையும் தூக்கிச் சென்றது. அடுத்த ஆண்டே ஊரார் கப்பலேறிப் போய் அவற்றை மீட்டு வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் நிலவறையின் மேல், 1420-இல் விடுதியின் இன்றைய கட்டடம் எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் சில பகுதிகளைச் சேர்த்தார்கள்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடியது அதன் மரவேலை. சுவர் கூரையைத் தாங்கவில்லை. ஓக் மரச்சட்டமே தாங்குகிறது. ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி, மற்றதன் துளைக்குள் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்குவது அக்காலத்து முறை. சட்டங்களுக்கு இடைப்பட்ட வெளியை, நம் ஊர் மண்வீடுகளைப் போலவே, வரிச்சு கட்டி மண் அப்பி நிரப்புவார்கள். ஓக் காய்ந்தால் உளிக்கு மசியாது என்பதால் பச்சை மரத்திலேயே வேலை செய்தார்கள். அது காயக் காயச் சுருங்கி முறுக்கிக்கொண்டது. அதனால்தான் இத்தகைய வீடுகளில் தளம் சாய்ந்தும் நிலைகள் கோணியும் நிற்கின்றன. மாடியில் நடந்தபோது தோணியில் நிற்பதுபோல் இருந்தது.

இனி தேநீர்க் கதை. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தேயிலைக்குக் கடுமையான வரி இருந்ததால், அதைக் கடத்துவது பெருந்தொழிலாயிற்று. ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் என்ற கடத்தல்காரர்கள் 1730-களிலும் 1740-களிலும் இந்த விடுதியில்தான் கூடுவார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துவிட்டே குடிப்பார்களாம். 1747-இல் பிடிபட்ட தங்கள் தேயிலையை மீட்க, பூல் துறைமுகத்தின் சுங்கச்சாவடியையே உடைத்தார்கள். தலைவன் தாமஸ் கிங்ஸ்மில் 1749-இல் தூக்கிலிடப்பட்டான். ஆனால் தேயிலைக் கடத்தலை உண்மையில் ஒடுக்கியது தூக்குமரம் அல்ல, நூறு விழுக்காட்டுக்கும் மேலிருந்த வரியைப் பன்னிரண்டரையாகக் குறைத்த 1784-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இத்தனை பழைய கட்டடம் எப்படித் தப்பியது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ஒருகாலத்தில் துறைமுகமாக இருந்த ரையின் ஆற்றில் வண்டல் சேர்ந்தது. சதுப்பு நிலத்தைக் கரைகட்டி வயலாக்கியதால், வண்டலை அரித்துச் செல்லும் ஓதநீரின் வேகமும் குறைந்தது. இன்று கடல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துறைமுகம் நொடித்த ஊரில், பழையதை இடித்துவிட்டு நாகரிகமாகக் கட்டிக்கொள்ள யாரிடம் பணம் இருந்திருக்கும்? வறுமைதான் இந்த உத்தரங்களைக் காப்பாற்றியது என்றே எனக்குப் படுகிறது. சட்டப் பாதுகாப்பெல்லாம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது.

உங்களிடம் இப்போது பணம் இருக்கிறது, அதுதான் என் கவலை. முடிவெடுக்குமுன் கூடத்து உத்தரங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். எங்கே கரையான், எங்கே வெறும் அழுக்கு என்று சேர்ந்தே பார்ப்போம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் பழைய நண்பன்