மாதப் பூசத்துப் பிடி அரிசி

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறியவே இந்தக் கடிதம்.

தெருக்கோடி வீட்டுப் பெண்ணின் படிப்புக்கென்று நீ மாதந்தோறும் அனுப்பிவந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பங்குனிக்குப் பிறகு வரவில்லை. அதைக் கேட்பதற்காக நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் அரசு தரும் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. தேர்வுக் கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து கட்டிவிட்டேன். ஆகவே அந்த நினைப்பில் நீ எங்களோடு பேசக் கூசியிருந்தால், அதற்குத் தேவையே இல்லை.

முதல் சம்பளத்திலேயே பிறருக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்தவன் நீ. அதை நான் யார் யாரிடமெல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. ஆனாலும் உன்னிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கொடுத்தால் அள்ளிக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் வாயே திறக்கக் கூடாது என்று இருக்கிறாய். வெள்ளம் வந்தபோது கைக்கு மீறிக் கொடுத்தாய். உன் சித்தப்பாவும் அப்படித்தான் தொடங்கினார், அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பதைக் கொடுக்காமல் தப்பிப்பதற்கு எடுத்துச் சொல்பவர்கள் உண்டு; உன் பாட்டியோ எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்கிடுவதற்கு அதை வைத்துக்கொண்டார்.

அவருடைய பித்தளைத் தவலை இன்னும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உலைக்கு அளந்த அரிசியைக் களைவதற்கு முன் அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, விரலிடுக்கில் வழிவதைத் தட்டிவிட்டு, தவலையில் போட்டுத் தட்டால் மூடுகிறாள். மாதக் கடைசியில் ஒன்றரைக் கிலோவாவது சேரும். மாதப் பூசத்தன்று அது வடலூருக்குப் போகிறது. 1867 வைகாசியில் வள்ளலார் தருமசாலையில் மூட்டிவைத்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்றால், அது தைப்பூசத்துக்கு மட்டும் வந்து இறங்கும் மூட்டைகளால் நடந்துவிடவில்லை. ஆனியிலும் ஐப்பசி அடைமழையிலும் பசித்து வருகிறவர்களுக்கு அன்றன்றைக்கு அரிசியும் விறகும் வேண்டியிருக்கிறது.

2003 ஜூலையில், அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது, ஆயிரக்கணக்கானவர்களோடு நானும் வேலையிழந்து வீட்டில் இருந்தேன். நீ அப்போது சிறுவன், நினைவிருக்காது. அந்த நாட்களில் அம்மா ஒரு பிடி என்பதை மூன்று விரலில் அள்ளும் அளவுக்குக் குறைத்துக்கொண்டாள், நிறுத்தவில்லை. சம்பளம் இல்லை என்பதை அவளிடம் மறைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இதை நீ நன்றாகப் படித்துக்கொள்.

ஆகவே தொகையைக் குறைத்துக்கொள், வழக்கத்தை விட்டுவிடாதே. ஐம்பது ரூபாய் போதும். அதுவும் கடினம் என்றால் சில மாதங்களுக்குப் பணத்தை விட்டுவிடு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த தானம் செய்யலாம் என்று கல்லூரி நாட்களில் எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். அதற்குக் காசு வேண்டாம். ஆனால் வெறும் வயிற்றோடு போய் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை வந்திருந்தபோதே சட்டை தொளதொளவென்று இருந்ததாக அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாமரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். தொகையைக் குறைத்துக்கொள் என்றுதான் மறுபடியும் சொல்கிறேன். கடன் வாங்கி எதையும் செய்யாதே, தருமத்துக்காகக்கூட வேண்டாம். ஒன்றாம் தேதி வாடகைக்குக் கை இறுக்கமாக இருந்தால் எனக்கு எழுது. ஓய்வூதியம் மாதக் கடைசியிலேயே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. பணத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்க மாட்டாள், நான் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா