ஏழு விரலும் மூன்று விரலும்

அன்புள்ள சங்கரா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். மீதியையும் தாண்ட விடு.

மதினிக்கு இடுப்பு எப்படி இருக்கிறது? வாக்கர் இல்லாமல் நாலு எட்டு வைக்கிறார்கள் என்று மாணிக்கம் சொன்னான். ஆனால் மாணிக்கம் சொல்வதில் எவ்வளவு தள்ளுபடி போடவேண்டும் என்று உனக்கே தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். நல்ல மழை, குளமெல்லாம் நிறைந்துவிட்டது, கொசுவும்தான். போனில் பேசாமல் இவன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. நேராகச் சொன்னால் சாக்கு என்பாய், அதனால் பறவையில் ஆரம்பிக்கிறேன்.

ஆமாம், பறவை. சிரித்து முடி, பிறகு படி.

பெரியவளுக்கு மாற்றலாகி எல்லோரும் இங்கே வந்ததிலிருந்து பேத்தி யாழினி ராஜ்யம்தான். வயது ஒன்பது, வாய்க்கு வயது அறுபது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். குடும்பத்தோடு பறவை பார்க்க வாருங்கள், ஞாயிறு காலை 6 மணி, நயினார்குளம், கட்டணம் இல்லை, பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் வரவேண்டும். அந்தக் கட்டாயப் பெரியவர் நான். 36 வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து எழுந்தவன், ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பிக் காக்கா பார்க்கப் போவதா என்று முனகிக்கொண்டே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். முதல் அவமானம் அந்தச் சட்டையால்தான். நடத்துகிற பையன் எம்.எஸ்ஸி. படிக்கிறான், மீசை வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. "சார், வெள்ளை அதுகளுக்குத் தூரத்திலேயே தெரிஞ்சிரும், அடுத்த தடவை மண் கலர்ல வாங்க" என்றான். அடுத்த தடவையா, ஆளை விடு என்று நினைத்துக்கொண்டேன்.

எலே, அந்தக் குளத்தங்கரையில் கவட்டையும் கையுமாக எத்தனை வருடம் திரிந்திருப்போம்? அப்போது நமக்குத் தெரிந்த பறவை என்ன? கொக்கு, காக்கா, மைனா, நீர்க்காக்கா. மற்றது எல்லாம் குருவி. அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் 31 வகை எழுதினார்கள். நடுத்தண்ணீரில் முங்கி முங்கி எழும்புமே, வாத்துக் குஞ்சு என்று நீ பந்தயம் கட்டினாயே, அது வாத்தும் இல்லை, குஞ்சும் இல்லை. முக்குளிப்பான். வளர்ந்த பறவையே அவ்வளவுதான். பந்தயக் காசு எட்டணா இன்னும் வரவில்லை. அப்புறம் கறுப்பாக ஒன்று, நெற்றியில் வெள்ளைப் பட்டை, நீந்தும்போது ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு தலையாட்டல். பெயர் நாமக்கோழி என்று பையன் சொன்னதும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அதே தலையாட்டல். அடக்கமுடியாமல் நான் சிரித்த சிரிப்பில் அத்தனை நாமக்கோழியும் தண்ணீர் மேல் சடசடவென்று ஓடி எழும்பிப் போய்விட்டது. பேத்தி என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அது அவள் பாட்டியின் பார்வை.

அதிலிருந்து ஒரு ஞாயிறு விடுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு குடும்பங்களுக்கு, மூன்றாவது ஞாயிறு பெரியவர்களுக்கு மட்டும். இரண்டுக்கும் போய்விட்டுச் சொல்கிறேன், பிள்ளைகள் எவ்வளவோ மேல். நாலு பேருக்கு ஒரு பைனாகுலர் கொடுத்தால் முறை வைத்துப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் கூட்டத்தில் ஒருவர் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறார், ஒருவர் கரை முழுக்கப் போனில் ரியல் எஸ்டேட் பேசுகிறார், இன்னொருவர் எதைக் காட்டினாலும் "இது கறிக்கு ஆகுமா?" என்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்.

காலத்துக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். மழை விட்ட இரவில் டார்ச்சோடு தவளை பார்க்கிறது, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி, இப்போது வலசை. வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி ராத்திரியோடு ராத்திரியாகப் பறந்து வந்து இறங்கியிருக்கிற சமயம் இது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும், அதனால் அந்தப் பெயர். களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழும் என்றும் சொல்லியிருந்தான். போன மாதம் மாணிக்கம் வீட்டு மாடிப்படியில் ஒன்று கிடந்தது. அவன் கிளி என்று சொல்லிக் கொய்யாப்பழம் நறுக்கிவைத்துக்கொண்டு எனக்குப் போன் போட்டான்! நான் போய், பையன் சொல்லித்தந்தபடி அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு இருட்டாக மூடிவைத்துவிட்டு, சாயங்காலம் தோட்டத்தில் கொண்டுபோய்த் திறந்தேன். பச்சை முதுகு, நீலத் தோள், வாலுக்கு அடியில் குங்குமத்தைக் கொட்டினதுபோல. இரண்டு தத்துத் தத்திவிட்டு வேலிக்குள் போய்விட்டது. மாணிக்கத்துக்கு அது கொய்யாப்பழம் தின்னவில்லை என்று இன்னும் வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது நடையின்போது கரையோரம் ஒரு டீக்கடைக்குப் பின்னால், தேன்பழ மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்தான். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும், புதுசாக ஒரு பறவைச் சத்தம் கேட்டால் ஒரு விரலை மடக்கவேண்டும், அவ்வளவுதான். நான் ஒழுங்காக மூடிக்கொண்டேன். காக்கா ஒன்று. செம்பகம் இரண்டு. தூரத்தில் ஆள்காட்டி மூன்று. கண்ணைத் திறந்தால் யாழினி ஏழு விரலை மடக்கி வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு வாண்டு, ஆறு வயது இருக்கும், அவனும் ஏழு. அவள் அம்மா எட்டு. நான் மூன்று. விடுகிறாள் கதை என்று நினைத்து, எங்கே கேட்டது, காட்டு பார்ப்போம் என்றேன். "தாத்தா, உங்க தலைக்கு மேலதான கத்திட்டே இருக்கு!"

அண்ணாந்து பார்த்தேன். பூக்கொத்தி என்று பெயர், கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசு, சாம்பல் நிறம். ஒரு தேன்பழத்தை அலகில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தது. புல்லுருவி மரத்துக்கு மரம் பரவுவதே இதன் உபயம்தானாம், பழத்தைத் தின்றுவிட்டு ஒட்டுகிற விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். பைனாகுலரை வைத்தேன். அலகு திறக்கிறது, மூடுகிறது. தொண்டை துடிக்கிறது. சத்தம் இல்லை, சங்கரா. டிவியை மியூட்டில் போட்டதுபோல. ஏழெட்டடி தூரம்கூட இல்லை. என்னைச் சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் அது கத்துவதற்குத் தக்கபடி தலையைத் திருப்புகின்றன, எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. பையன் கவனித்துவிட்டான். எல்லோரும் டீ குடிக்கும்போது தனியாக வந்து, "சார், கீச்சுக் குரல்தான் முதல்ல போகும், ஒரு தடவை காதைக் காட்டிருங்க" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவன் பெயரையே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு படம் போட்டுக் கொடுத்தார்கள். 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கோடு ஒழுங்காகப் போகிறது, 2000 தாண்டியதும் மணிமுத்தாறு அருவி மாதிரி விழுகிறது. இரண்டு காதுமே. ஆட்கள் பேசுவது கேட்கும், ஆனால் சில எழுத்துகள் விழாது, விழாததை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள், போனில் இன்னும் மோசம் என்றார் டாக்டர். எத்தனை வருடமாக என்றால், கொஞ்சம் கொஞ்சமாக, தெரியாமலேயே.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஆவணியில் நீ போன் செய்த ராத்திரி ஞாபகத்துக்கு வந்தது.

மதினி ஆறு மாதமாக மகள் வீட்டில் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதுதான் என் மனதில். நீ சொன்னது "அவ விழுந்துட்டா". எனக்குக் கேட்டது "அவ வந்துட்டா". நான் என்ன சொன்னேன்? "ரொம்ப சந்தோஷம்டா, இனிமேல் ஒழுங்கா உன் வேலையப் பாரு, ஸ்வீட் எங்கே" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் போய்ப் படுத்துவிட்டேன். தீபாவளிக்கு மாணிக்கம் ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ என்று சொன்னபோதுகூட, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உன் மேல்தான் கோபப்பட்டேன். திரும்பக் கூப்பிடவும் இல்லை. அந்தக் கோபத்தை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கமாட்டேன் என்கிறது. நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டா பேசினாய்? மாணிக்கம் அப்படித்தான் சொன்னான். இந்த முறை தள்ளுபடி போடத் தோன்றவில்லை.

இதைப் போனில் சொல்லப் பயமாக இருந்தது. நீ ஒன்று சொல்லி, எனக்கு இன்னொன்று கேட்டு, மறுபடியும் நான் சிரித்துத் தொலைத்தால்?

மிஷின் வாங்கிவிட்டேன், இரண்டு காதுக்கும். விலையைக் கேட்காதே, நம் காலத்தில் அந்தக் காசுக்கு நாலு கோட்டை விதைப்பாடு நிலம் வாங்கியிருக்கலாம். பத்து நாளாக வீட்டில் ஒரே இரைச்சல். பேப்பரைப் புரட்டினால் காட்டில் தீப்பிடித்ததுபோல இருக்கிறது, என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவே இல்லை. போன ஞாயிறு அதே தேன்பழ மரத்தடியில் உட்கார்ந்தேன். மார்கழி, கோவில் ரேடியோ வேறு அலறுகிறது. விரல் ஐந்து மடங்கியது. ஐந்தாவது, டிக், டிக், டிக் என்று சின்னதாக, சுவர்க்கடிகாரம் பேட்டரி தீரப்போகிற சமயத்தில் அடிப்பதுபோல. பேத்தியைப் பார்த்தேன், ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு ஒன்பது விரல், அது வேறு விஷயம்.

இப்போது உன் வேலை. பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுப்பார்கள், 2015லிருந்து நடக்கிறது. எங்கேயும் போகவேண்டாம், தாம்பரத்தில் உன் வீட்டுப் பால்கனியில் மதினிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, குறைந்தது 15 நிமிடம், கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதச் சொல். காக்காவும் கணக்குத்தான். எப்படி அனுப்புவது என்று யாழினி போனில் சொல்லித்தருவாள், அவள் சொல்வது எல்லோருக்கும் கேட்கும்.

அப்புறம் ஜனவரிக் கடைசியில் நீ இங்கே வருகிறாய். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 2011ல் ஆரம்பித்தது, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்துக் குளங்களுக்கும் ஆட்கள் பிரிந்து போவார்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். கூட்டமாக இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. ஒரு பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, பிறகு பத்துப் பத்தாகத் தாவவேண்டும். கட்டுக் கட்டாக எண்ணியே தேய்ந்த கை, எனக்கு இது புதுசா? பையனே அசந்துபோனான்.

மதினியால் பயணம் செய்ய முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, கூந்தங்குளம் போவோம். கரை ஏறவேண்டாம், ஊர்த் தெருவில் நாற்காலி போட்டாலே போதும், வீட்டு மரங்களிலேயே நாரை கூடு கட்டும். வரித்தலை வாத்தும் வந்திருக்கும், மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறதாம். நீ தாம்பரத்திலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு வருவதற்கு அலுத்துக்கொள்வாய்.

கடிதம் கிடைத்ததும் போன் செய். மிஷினை மாட்டிக்கொண்டுதான் எடுப்பேன், மாட்டுவதற்கு அரை நிமிடம் ஆகும், அதற்குள் வைத்துவிடாதே. ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் வேண்டாம்.

வரும்போது அந்த வெள்ளைச் சட்டைகளைத் தாம்பரத்திலேயே விட்டுவிட்டு வா. எட்டணாவை மறக்காதே.

அன்புடன்,
ஆறுமுகம்