ட்ரெஹலோஸ் டப்பா வாங்குவதற்கு முன்

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இனி உனக்குத்தான் ஓட்டம். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ட்ரெஹலோஸ் என்ற இயற்கைச் சர்க்கரை கொழுப்பு செல்லைக் கரைத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம், ஒரு டப்பா வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கரைக்காது. ஆனால் அந்தப் பேச்சு முழுக்கப் புரளி என்றும் தள்ளிவிட முடியாது.

முதலில் அந்த செல்லைக் கொஞ்சம் பார். நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே ஒரு கொழுப்புத் துளி உள்ளே முழுவதையும் அடைத்திருக்கும். உட்கரு ஓரமாக நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கும், நெரிசலான பேருந்தில் படியில் தொங்குகிறவர் மாதிரி. சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1994இல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த எண்ணம் போனது. 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் அது. அனுப்புவது இந்த செல்தான். கொழுப்புத் திசுவே ஏறக்குறைய இல்லாமல் பிறப்பவர்கள் சிலர் உண்டு. ஆள் ஒல்லியாக இருப்பார், ஆனால் இளவயதிலேயே கடுமையான நீரிழிவும் கல்லீரலில் கொழுப்பும் வந்துவிடும். சேர்த்துவைக்க வேறு இடமில்லையே!

அதனால் செல்லைத் திட்டாதே. அது அளவுக்கு மீறி வீங்கும்போதுதான் தொல்லை. வீங்கிய செல்லுக்கு ஆக்சிஜன் சரியாக எட்டுவதில்லை. சில செத்துப்போகின்றன, அவற்றை மேக்ரோஃபேஜ்கள் என்ற, செத்ததை விழுங்கும் வெள்ளணுக்கள் சூழ்ந்துகொள்ள, அழற்சி தொடங்கும், இன்சுலின் சொல் எடுபடாமல் போகும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்பார்கள். எடை குறைந்தால் செல் சுருங்குமே தவிர, எண்ணிக்கை குறையாது. 2008இல் வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்து இந்த செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செத்து, அதே அளவு புதிதாக வருகிறதாம். அணுகுண்டால் விளைந்த உருப்படியான காரியம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது உன் சர்க்கரை. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தால் ட்ரெஹலோஸ். காளானில் இருக்கிறது, ஈஸ்டில் இருக்கிறது. பூச்சிகளின் உடம்பில் ரத்தச் சர்க்கரையாக ஓடுவதும் இதுதான். கொழுப்பு மிகுந்த தீனி போட்ட சுண்டெலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, 2010இல் ஜப்பானியர்கள் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு செல்கள் அவ்வளவாக வீங்கவில்லை, இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தது.

ஆனால் குடலில் உள்ள ட்ரெஹலேஸ் நொதி இதை வெட்டிப் பழையபடி குளுக்கோஸாக்கிவிடுகிறது. அப்புறம் என்ன தனி மகிமை? வெட்டு மெதுவாக நடப்பதால், குளுக்கோஸ் குடித்தால் ஏறும் அளவுக்கு ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஏறுவதில்லை. கொழுப்பை உள்ளே அடைக்கச் சொல்வதே இன்சுலின்தான் என்பதால், செல்லுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆய்வகத் தட்டில் வளரும் செல்களில், பழுதான பாகங்களைச் செல்லே செரித்துக்கொள்ளும் வேலையையும் இது தூண்டுகிறது. அங்கே சர்க்கரை முழுசாகச் செல்லைத் தொடுகிறது. வாயில் போட்டால் பெரும்பகுதி குடலிலேயே துண்டாகிவிடும். விளம்பரம் எழுதுகிறவர்கள் இதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

கலோரியும் சாதாரணச் சர்க்கரை மாதிரியே கிராமுக்கு 4. இனிப்போ அதில் பாதிகூட இல்லை. நீ இரண்டு கரண்டி போடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? ட்ரெஹலேஸ் நொதி குறைவாக உள்ளவர்களுக்குக் காளான் சாப்பிட்டாலே வயிற்றுப்போக்கு வரும் என்பது வேறு.

என்னைக் கேட்டால் டப்பா வேண்டாம். நீ குடிக்கும் அந்தக் குளிர்பானத்தை விடு, அது போதும். அதிலுள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையில் பெரும்பகுதி நேரே கல்லீரலுக்குப் போகிறது, மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாகிறது.

அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுது. போன தடவை அதை மட்டும் நைசாக விட்டுவிட்டாய்.

அன்புடன்,
சந்திரன்