கட்டுநாயக்க – ரொறன்ரோ: தூரமும் நேரமும்

உறவுகளுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு ரிக்கற் போடுகிறவர்கள் பணம் கட்டமுதல் இதை வாசியுங்கோ.

கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து ரொறன்ரோ நேர்த்தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியென்றால் முதல் பறப்பு நாலரை மணித்தியாலம், அடுத்தது ஏறக்குறைய 14. திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நீண்ட பறப்பு ஒரு மணித்தியாலமளவு குறையும்.

கனபேர் பிழைவிடுவது நேரக் கணக்கில்தான். ரிக்கற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 9.30க்கு வெளிக்கிட்டு அன்றிரவு 9.30க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் 12 மணித்தியாலம் அல்ல. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், ஆகவே இருபத்தொன்றரை. நவம்பர் முதல் ஞாயிறில் இருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வித்தியாசம் பத்தரை.

இரண்டு பறப்பும் ஒரே பதிவில் இருக்கவேணும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது ரிக்கற் காசு போய்விடும், பொதியும் நேரே போகாது. மலிவு என்று இதில் விழவேண்டாம். யாழ்ப்பாணத்துப் பலாலி – சென்னை பறப்பை இப்படித் தனியாகச் சேர்ப்பவர்கள் சென்னையில் பொதியை எடுத்துத் திரும்பப் பதிய வெளியே வரவேணும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா கட்டாயம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்தி நிற்கிற மாதிரி ஏறுங்கோ. காலை விமானமென்றால் முதல்நாளே நீர்கொழும்பில் தங்குவது நல்லம்.