ஆண்டறிக்கை: பூங்காச் சாலையில் வாகன வேகமும் நடப்போர் பாதுகாப்பும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி பூங்காவின் பிரதான வாசலுக்கு முன்னால் உள்ள சாலைக்கே போயிற்று. மரம் பராமரிப்பு, இருக்கைகளுக்கு வர்ணம் பூசியது, வழக்கமான கூட்டங்கள் எல்லாம் தேதிவாரியாகப் பதிவேட்டில் உள்ளன. அவற்றை இங்கே திரும்ப வாசிக்கவில்லை. சாலை வேலையை அடுத்த செயற்குழு தொடர்ந்து செய்ய வேண்டியிருப்பதால், என்ன செய்தோம், ஏன் செய்தோம், எங்கே தவறினோம் என்று விரிவாகவே வைக்கிறேன்.

வேகத்தை அளந்த விதம்

"வண்டிகள் கண்மூடித்தனமாகப் பறக்கின்றன" என்று மட்டும் மனு கொடுத்தால் எந்த அலுவலகமும் அசையாது. எனவே முதலில் அளந்தோம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடுகள். வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடுத்த கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும். 6 நொடி என்றால் 30, 4.5 என்றால் 40, 3.6 என்றால் 50.

முதல் நாள் 25 மீட்டர்தான் வைத்தோம்; அது தவறு. விரல் 0.2 நொடி முந்தினாலோ பிந்தினாலோ, 50-இல் போகிற வண்டி 45 என்றும் காட்டும், 56 என்றும் காட்டும். 50 மீட்டர் வைத்தால் அதே பிழை 47-க்கும் 53-க்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு சாலையோரம் நிற்கவும் கூடாது. பார்த்த மாத்திரத்தில் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வேலிக்கு உள்பக்கமிருந்து அளந்தோம். முன்னால் வேறு வண்டி இல்லாமல் தன்போக்கில் வருபவற்றை மட்டும் கணக்கில் எடுத்தோம், ஒரு திசைக்கு 100 வண்டி வீதம். அந்த 100 வேகங்களையும் குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தி 85-ஆவதை எடுப்பது சாலைப் பொறியாளர்களின் வழக்கம். சராசரியை மட்டும் கொண்டுபோனால், ஆபத்தான அந்த வேக வண்டிகள் மெதுவாகப் போகிறவற்றுக்குள் மறைந்துவிடும்.

வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று நாம் கேட்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. 30-இல் வரும் ஓட்டுநர் அதைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனால், 8.3 மீட்டர் போய்விடும்; காய்ந்த தார்ச் சாலையில் நல்ல பிரேக் இருந்தால் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வருபவர் பிரேக்கைத் தொடும் முன்பே ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடுகிறார். அதாவது, முன்னவர் நின்றுவிட்ட இடத்தை இவர் கொஞ்சமும் வேகம் குறையாமல் தாண்டுகிறார். 40-இல் வருபவர்கூட அந்த இடத்தில் இன்னும் 35 அளவில் போய்க்கொண்டிருப்பார். நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் அதிகபட்ச வேகம் 30 என்று 2020-இன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொல்கிறது. மனுவில் அதையும், 50-இலிருந்து 65-க்கு வேகம் ஏறும்போது மோதப்படும் பாதசாரி இறக்கும் ஆபத்து 4.5 மடங்காகிறது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கையும் சேர்த்தோம்.

பார்வையை மறைத்தவை

வேகத்தடைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது, தாமதமாகத்தான் புரிந்தது. கடவையை, அதாவது நடப்போர் சாலையைக் கடக்கும் இடத்தை, ஒட்டி ஒரு வேன் நின்றால், அதன் முன்பக்கத்திலிருந்து வெளிவரும் குழந்தையின் தலை ஓட்டுநருக்குத் தெரிவதற்குள் குழந்தை வண்டி போகும் பாதையில் இருக்கும். எனவே கடவைக்கு இருபுறமும் 10 மீட்டருக்கு வண்டி நிறுத்தாதபடி கோடு போட்டோம். கோட்டை யாரும் மதிக்கவில்லை. கோன் வைத்தோம், மாலைக்குள் நகர்த்திவிட்டார்கள். கடைசியில் கனமான பூத்தொட்டிகள் வைத்த பிறகுதான் இடம் காலியாக இருந்தது. அதிலும் ஒரு பிழை செய்தோம். அழகுக்காக வைத்த புதர்ச்செடி இடுப்பளவு வளர்ந்து, வேன் செய்த வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிட்டது. இப்போது தொட்டியும் செடியும் சேர்ந்து 60 சென்டிமீட்டரைத் தாண்டாத வகைகளை மட்டும் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை கத்தரிக்கும் பொறுப்பைப் பூங்காக் குழு ஏற்றுள்ளது.

வேகத்தடையும் மேடைக் கடவையும்

தொடக்கத்தில் பலரும் கேட்டது, போல்ட் போட்டு இறுக்கும் ரப்பர்ப் பட்டை. அது வேண்டாம் என்பதே நம் அனுபவம். 30, 40 சென்டிமீட்டர் அகலமுள்ள குறுகிய மேட்டில் மெதுவாக ஏறுபவருக்குத்தான் குலுக்கல் அதிகம். வேகமாக வருகிற காரின் சஸ்பென்ஷன் அதை விழுங்கிவிடுகிறது. ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும் முதுகுவலிக்காரருக்கும் அது தண்டனை. போல்ட் தளர்ந்தால் பட்டையின் ஒரு முனை எழும்பிக்கொள்ளும், ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். இருசக்கர வாகனத்துக்கு அதைவிட மோசமான பொறி இல்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் வடிவமைத்த வட்ட முதுகு வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. வேகம் கூடக் கூடக் குலுக்கலும் கூடும்படி அமைந்ததால்தான் அது இன்றுவரை பல நாடுகளில் புழங்குகிறது.

வாசலுக்கு நேரே அதைவிடவும் ஏற்றது மேடைக் கடவை, அதாவது கடவையையே மேடைபோல உயர்த்திக் கட்டுவது. நம் சாலையில் போட்டதன் அளவு: உயரம் 10 சென்டிமீட்டர், மேலே 4 மீட்டர் சமதளம், இருபுறமும் 1.5 மீட்டர் சரிவு. முதலில் ஒப்பந்தக்காரர் சரிவை 60 சென்டிமீட்டருக்குச் சுருக்கிவிட்டார். தாழ்வான கார்களின் அடி தட்டியது, புகார்கள் குவிந்தன. அப்படியே விட்டிருந்தால் மொத்தத்தையும் இடித்துவிடும்படி உத்தரவு வந்திருக்கும். சரிவை அளந்து பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை அடுத்தவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நடைபாதை 15 சென்டிமீட்டர் உயரம், மேடை 10. மிச்சமுள்ள 5 சென்டிமீட்டரை நடைபாதைப் பக்கம் 60 சென்டிமீட்டர் நீளத்தில் சரித்து இறக்கினால் 1:12 சாய்வு கிடைக்கும். சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் தடங்கலின்றி ஏறும். சந்திக்கும் விளிம்பில் ஒரு விரல்கடை உயரம் நின்றால்கூட முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். பார்வையற்றோருக்குச் சாலை எங்கே தொடங்குகிறது என்று காலில் தெரிய வேண்டும் என்பதால், அந்த விளிம்பில் புள்ளிமேடு ஓடுகள் பதித்தோம்.

மேடை போட்டால் மழைநீர் தேங்கும். விளிம்புக்கல்லை ஒட்டி 30 சென்டிமீட்டர் வழிவிட்டால் இருசக்கர வாகனங்கள் அந்தச் சந்தில் நுழைந்து மேடையைத் தவிர்க்கின்றன. நடப்பவர் காலும் அதில் இடறும். ஆகவே அந்த இடைவெளியை மூடி, அடியில் குழாயும் மேலே கம்பிவலை மூடியும் வைத்தோம். வலையின் கம்பிகள் வண்டி போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் சைக்கிள் சக்கரம் இறங்கிவிடும்.

மேடை ஒன்றே போதாது. தாண்டியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார்கள். 100 மீட்டருக்குள் அடுத்த தடை இருந்தால்தான் வேகம் ஒரே சீராக நிற்கிறது. ஒரு வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே அமையவிருந்த இரண்டாவது தடையை, இரவில் காலி லாரிகளின் தடதட சத்தத்தை எண்ணிச் சில மீட்டர் தள்ளி வைத்தோம். அந்த வீட்டார் கேட்டது நியாயம்தான்.

கடக்கும் தூரம்

7 மீட்டர் சாலையைக் கடவையில் மட்டும் 5.5 ஆகக் குறுக்கினோம். நிதானமாக நடக்கும் முதியவர் நொடிக்கு 0.9 மீட்டர் போவதாக வைத்தால், முன்பு 7.8 நொடி பிடித்தது, இப்போது 6.1. இதையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 50-இல் வரும் கார் 7.8 நொடியில் 108 மீட்டர் ஓடும். 30-இல் வரும் கார் 6.1 நொடியில் 51 மீட்டர்தான். பாதுகாப்பாகக் கடக்க, வரும் வண்டி குறைந்தது இவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்கிற தூரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இந்த ஆண்டின் வேலைகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான். இதைக் கல்லில் கட்டும் முன் வளையும் கம்பங்களையும் நீர் நிரப்பிய தடுப்புகளையும் வைத்து ஒத்திகை பார்த்தோம். குப்பை லாரியையும் தீயணைப்பு வண்டியையும் வரவழைத்து ஓட்டிப் பார்த்த பிறகே இடம் முடிவானது. தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே 1.2 மீட்டர் விட்டிருக்கிறோம். கார் ஏற முடியாது, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும்.

வாசலிலிருந்து குழந்தைகள் நேராகச் சாலைக்கு ஓடிவராதபடி உள்பக்கம் ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு கைப்பிடிக் கம்பிகள் அமைத்தாயிற்று. வரிக்குதிரைக் கோடுகளுக்குத் தெர்மோபிளாஸ்டிக் (சூடாக்கி உருக்கிப் பூசும்) பூச்சு, இரவில் ஒளிர மேலே கண்ணாடி மணிகள். ஈரத் தரையில் போட்ட ஒரு பகுதி வில்லையாகப் பெயர்ந்து வந்துவிட்டதால் அதை மட்டும் மறுபடி போட்டார்கள்.

நிலுவையில் உள்ளவை

விளக்குக் கம்பம் கடவைக்கு நேர் மேலே இருக்கிறது. நடப்பவரின் முகப்பக்கம் வெளிச்சம் விழாமல் ஓட்டுநருக்கு இருட்டுருவமாகத் தெரிகிறார்கள். ஒவ்வொரு திசையிலும் வண்டி கடவையை எட்டுவதற்குச் சற்று முன்பாக ஒரு விளக்கு வேண்டும், மொத்தம் இரண்டு. கோரிக்கை கொடுத்துள்ளோம், பதில் வரவில்லை. அதுவரை விளக்கை மறைக்கும் கிளையை வெட்ட அனுமதி கிடைத்திருக்கிறது.

திரும்பும் வண்டிகள் வேகம் குறையும்படி, தெருமுனை வளைவின் ஆரத்தை 9 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குக் குறைக்கும் வரைபடம் தயார். புதிய அமைப்புகளைக் கண்டு முதல் சில வாரங்கள் எல்லோரும் மெதுவாகப் போவார்கள், பழகியதும் வேகம் ஏறும். அதனால் ஆறாவது மாதத்தில் அதே 50 மீட்டரில், அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். சாக்பீஸ் கோடுகள் இருந்த இடத்தில் விளிம்புக்கல்லில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வைத்திருக்கிறோம். அளவுத்தாள்களும் ஸ்டாப்வாட்சும் அலுவலக அலமாரியின் இரண்டாவது தட்டில் உள்ளன.