வெறுங்கையோடு ஒரு ஊழியம்

வேலூர்
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி, பேரனின் பள்ளிக்கூடம், கொல்லையில் காய்க்க மறுக்கும் தென்னை என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, நாலாம் பக்கத்தின் அடியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். போர்டிங் காலத்திலிருந்தே உனக்கு இதே பழக்கம்தான். மனதை அழுத்துவதைக் கடைசியில் சொல்வாய், அதையும் பாதிதான் சொல்வாய். மே மாதம் நான் குடியாத்தம் வந்தபோதே உன் முகத்தில் ஏதோ தெரிந்தது. சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டதால் அன்று நிதானமாகப் பேச நேரம் கிடைக்கவில்லை.

உங்கள் சபைப் போதகர் ஐயர், ஞாயிறு ஆராதனையை நடத்தச் சொல்லி உன்னைக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரே குருசேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில், அத்தனை கிராம சபைகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்? அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு அவர் வரத்தான் வேண்டும். மற்ற வாரங்களில் ஜெபம் நடத்தவும் வேதத்தை வாசித்து நாலு வார்த்தை விளக்கவும் சபையிலேயே ஒருவர் இருந்தால் அந்தச் சின்னக் கோயில் பூட்டிக் கிடக்காது. அந்த ஒருவராக உன்னை இருக்கச் சொல்கிறார். நீயோ, "நான் கணக்கு டீச்சர், பிரசங்கம் எனக்கு வராது, ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ" என்று எழுதியிருக்கிறாய்.

உனக்கு யோசனை சொல்வதற்கு முன் என் சேதியைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் ஆன்மிகப் பணிக் குழுவில் சேர்ந்தது உனக்குத் தெரியும். போனில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டேன். உள்ளே நடந்ததைச் சொல்லவில்லை.

முப்பது வருடங்களுக்கு மேல் நர்ஸாக இருந்தவள் நான். வார்டுக்குள் ஒருநாளும் வெறுங்கையோடு நுழைந்ததில்லை. தெர்மாமீட்டரோ, ஊசியோ, மாற்றப் படுக்கை விரிப்போ ஏதாவது ஒன்று கையில் இருக்கும். நோயாளி நம்மை ஏறிட்டுப் பார்ப்பதற்குள் நாம் வந்த காரணம் அவருக்குப் புரிந்துவிடும். இப்போது அதே வார்டு, அதே டெட்டால் வாசனை. என் கையில் மட்டும் ஒன்றும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றால், "எதற்கு வந்திருக்கிறீர்கள்?" என்று அவர்கள் கண்கள் கேட்கின்றன. முதல் சில வாரங்கள் என் பார்வை தானாக டிரிப் பாட்டிலுக்குப் போகும். சொட்டு வேகமாக இறங்கினால் விரல் துறுதுறுக்கும். எங்களுக்குப் பயிற்சி தந்த குருவானவர் அதைக் கவனித்துவிட்டு, "அம்மா, அதைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறார்கள். நீங்கள் முகத்தைப் பாருங்கள்" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

மொழியும் கைகொடுக்கவில்லை. நீ இந்தப் பக்கம் வந்து வெகுகாலமாகிறது. காந்தி சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை எங்கும் வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும்தான். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். மகன் உள்ளே. வங்காளம் மட்டும்தான் பேசுகிறார். எனக்கோ அதில் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பேசினார், பேசினார், அரைமணி நேரம் இருக்கும். இடையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நாடி பார்ப்பதற்கு நான் பிடிக்கும் அதே இடத்தில். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து பொரியை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். கடுகெண்ணெய் வாசனை. இரண்டு பேரும் சாப்பிட்டோம். எழுந்தபோது கைகூப்பி மேலே காட்டினேன், ஜெபிக்கட்டுமா என்று. தலையசைத்தார். அவர் சாமியை அவர் வேண்டியிருப்பார், நான் என் ஆண்டவரிடம் தமிழில் கேட்டேன்.

மறுமுறை நான் போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அந்தப் பையன் பிழைத்தானா என்பது எனக்குத் தெரியாது. இந்த ஊழியத்தில் என்னை அதிகம் வாட்டுவது இதுதான். சபையில் இருக்கும் போதகர் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், வளர்ந்த பிறகு தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்துவார், கல்யாணத்தையும் நடத்தி வைப்பார். எனக்குக் கிடைப்பது ஒருவருடைய வாழ்க்கையில் ஒரு பிற்பகல். முன்கதை தெரியாது, முடிவும் தெரியாது. ஆனால் நர்ஸ் வேலையில் பணி நேரம் முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம் அல்லவா? ஒப்படைக்காமல் போகவும் கூடாது, ஒப்படைத்த பிறகு சுமந்துகொண்டு திரியவும் கூடாது. இப்போதும் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அதைத்தான் செய்கிறேன். அன்று பார்த்தவர்களை ஒவ்வொருவராக ஆண்டவரிடம் ஒப்படைக்கிறேன். கடவுளை நம்புவது என்று இத்தனை வருடம் பாடிக்கொண்டிருந்ததை இப்போதுதான் தினசரி வேலையாகச் செய்கிறேன் என்று தோன்றுகிறது.

வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களை நாம் எப்போதும் குறை சொல்லியே பழகிவிட்டோம். அவர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெட்டுப்போனார்கள்.

இந்த மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கதவைத் தட்டியதை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! நான் இப்போது அதிகம் நினைப்பது அந்த இரவை அல்ல, 1900ஆம் ஆண்டை. படிப்பை முடித்துக்கொண்டு வேலூருக்கு வருகிறார். அனுபவமுள்ள மருத்துவரான தகப்பனார் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பார் என்ற தைரியத்தில் வந்தவர். அந்தத் தகப்பனார் அதே வருடம் இறந்துபோகிறார். புது டாக்டர், அதிலும் பெண். ஊர் இன்னும் நம்பவில்லை. கேட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை. அழைப்பு வந்த இரவைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அழைப்புக்குப் பிறகு தனியாக நின்ற அந்த மாதங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு படுக்கையோடு தொடங்கியது அப்போதுதான். 1902இல் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எல்லாம் பிறகு வந்தவை.

இதே மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வர்கீஸ் டாக்டரை இன்னும் அதிகமாக நினைக்கிறேன். 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோயிற்று. அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று கனவு கண்ட இளம் டாக்டர். உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாமே என்று யோசனை சொன்னவர், இங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மேரி சரிசெய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டு, இனி அவ்வளவுதான் என்று படுத்துவிட்டவர்களிடம், தானும் நாற்காலியில் இருந்துகொண்டு அவர் பேசினார். விபத்தைக் கடவுள் கொடுத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அப்படிச் சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இழந்ததைச் சுற்றியே ஒரு புதிய வேலையைத் தேவன் அவருக்குக் கட்டித் தந்தார் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். மோசே தனக்குப் பேச்சு வராது என்று சொல்வதற்கு முன்பே, உன் கையில் இருப்பது என்ன என்று கர்த்தர் கேட்டார் அல்லவா? ஆடு மேய்க்கிற கோல். அதைக் கீழே போடச் சொன்னார். அத்தனை வருடம் பிடித்துப் பழகிய ஒன்றைக் கீழே போடும்போது கை எப்படிக் காலியாக உணரும் என்று எனக்கு இப்போது தெரியும். அதே கோலைத்தான் திரும்ப எடுக்கவும் சொன்னார். உன் கையில் இருப்பது சாக்குக்கட்டி. புரியாத பிள்ளைக்கு, பொறுமை இழக்காமல், மூன்றாவது தடவையும் வேறு விதமாகச் சொல்லிப் புரியவைக்கிறவள் நீ. அந்தக் கிராமத்துச் சபைக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் செய்யாதே. ஐயரைப் போலக் குரலை உயர்த்திப் பிரசங்கம் செய்யப் பார்க்காதே. அது அவருக்கு அழகு. நீ ஆறாம் வகுப்புக்குப் பாடம் வாசிப்பதைப் போல வேத பகுதியை நிதானமாக, நிறுத்தி வாசி. முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும். அந்தச் சபையில் முன்வரிசைப் பாட்டிகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு வேதம் காது வழியாகத்தான் போக வேண்டும். கீர்த்தனையை அவர்களையே எடுக்கச் சொல். உன்னைவிட நன்றாகப் பாடுவார்கள்.

பெரியவர்கள் முதல் வாரம் "ஐயர் வரவில்லையா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். பெண்ணாயிற்றே என்று தயங்காதே. தென்னிந்தியத் திருச்சபை 1976லேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2013இல் நந்தியாலில் ஒரு பெண் பேராயராகவே அபிஷேகம் பெற்றார். அதெல்லாம் எதற்கு, இந்தப் பக்கம் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய ஆற்காடு மிஷன் நாட்களில் வீடு வீடாகப் போய் வேதத்தை வாசித்துக் காட்டியவர்கள் பெண்கள்தானே? வெளியே வராத பெண்களின் சமையற்கட்டு வரை போனவர்கள் அவர்கள். அவர்களில் பலருடைய பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. நம் குடும்பங்களுக்கு விசுவாசம் வந்த வழியில் அவர்களும் நின்றிருப்பார்கள்.

பயம் போன பிறகு சம்மதிக்கலாம் என்று காத்திருக்காதே. எனக்கு இன்னும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் வார்டு கதவைத் தள்ளும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது. வந்தாலும் உள்ளே போய்விடுகிறேன்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். வெயில் இந்த வருடமும் ஆடி தாண்டியும் குறையவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால் போதும் என்று நினைக்காதே, எக்ஸ்ரே எடுத்தாயா என்று எழுதவில்லையே. அடுத்த வாரம் ஒருநாள் புறப்பட்டு வா, நானே அழைத்துப் போகிறேன். இரண்டு நாள் தங்கும்படி வா. முள்ளுக் கத்தரிக்காய் சந்தைக்கு வந்திருக்கிறது, குழம்பு வைத்துத் தருகிறேன். வருவதற்கு முன் ஐயருக்குப் பதில் சொல்லிவிடு. முதல் ஞாயிறு எது என்று தெரிந்ததும் எழுது. காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பின்வரிசையில் உட்காருகிறேன்.

அன்புடன்,
உன் போர்டிங் தோழி